செய்தித்தாளும் சிவில் சர்வீஸ் பரீட்சையும்

(நாகபுரிக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது. கூட்டத்துக்கு வர இயலாத அன்பர்களும் வெளியூர் அங்கத்தினர்களும் கேட்டுக்கொண்டதால், சில விவரங்களைச் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசம் நடக்கும், அல்லது மூட்டு வலிக்கு டாக்டர் யாராவது வந்து பேசுவார். இன்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நம் கிளையில் மட்டும் ஏழெட்டுக் குழந்தைகள் சிவில் சர்வீஸ் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறார்களாம். "நீங்கள் சர்க்காரில் 37 வருஷம் இருந்தவர். கரண்ட் அஃபேர்ஸ் எப்படிப் படிக்கவேண்டும் என்று சொல்லுங்கள்" என்று காரியதரிசி கேட்டார். எனக்கு அதில் தகுதி உண்டா என்று யோசித்தேன். அந்தப் பரீட்சையில் நான் தேறியவன் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, கீழ் நிலைப் பரீட்சை ஒன்று எழுதி உள்ளே போய், படிப்படியாக ஏறினவன். ஆனால் இந்தப் பரீட்சைக்கு ஒரு பிள்ளையை எப்படித் தயார் செய்யக்கூடாது என்பதில் எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் மகன் 2000-த்திலிருந்து 2004 வரை இந்தப் பரீட்சை எழுதினான். அப்போது பொதுப் பிரிவினருக்கு நாலே வாய்ப்பு, வயது வரம்பு 30. (2014 முதல் 6 வாய்ப்பு, வயது 32.) நான் தினமும் காலையில் காபி குடித்த கையோடு கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்துவிடுவேன். தலையங்கம், வெளிநாட்டுச் செய்தி, விஞ்ஞானப் பக்கம் என்று நறுக்கி, வெள்ளைத் தாளில் ஒட்டி, தேதி போட்டு, அரசாங்கம், உலகம், விஞ்ஞானம் என்று தனித்தனி ஃபைலில் சேர்ப்பேன். சின்ன ஊர்களில் போஸ்டிங் இருந்தபோது ஹிந்து பேப்பர் மறுநாள்தான் வரும். அதற்காக ஸ்டேஷனுக்கே ஆள் அனுப்பியிருக்கிறேன். பதினொரு ஃபைல் சேர்ந்தது. ராத்திரி சாப்பாட்டின்போது, "இன்றைக்கு ஒட்டினதைப் பார்த்தாயா?" என்று கேட்பேன். "பார்த்தேன்ப்பா" என்பான்.

நாலு தடவையும் கிடைக்கவில்லை. பிறகு பேங்க் பரீட்சை எழுதி வேலைக்குப் போனான், இன்று சௌக்கியமாக இருக்கிறான். நாங்கள் வீடு மாற்றியபோது அந்தப் பதினொரு ஃபைலையும் இறக்கிப் பார்த்தேன். பசை ஒட்டி, பல பக்கங்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு இருந்தன. ஒரு முறைகூடப் பிரிக்கப்படாத பக்கங்கள். எனக்கு அன்று கோபம்தான் வந்தது. அவன் வீட்டுக்கு இப்போது போனால், அங்கே செய்தித்தாள் வாங்குவதே இல்லை. அது ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கும் தைரியம் வரவில்லை.

அப்புறம் என் பெண் வயிற்றுப் பேத்தி 2022-ல் பட்டப்படிப்பு முடித்து, நானும் எழுதுகிறேன் என்றாள். மறுநாளே கத்தரிக்கோலைத் தேடினேன். என் அகத்துக்காரி சமையல் உள்ளிலிருந்து, "ஏன்னா, ஒருத்தனுக்குப் பண்ணினது போறாதா?" என்றாள். கத்தரிக்கோலை மறுபடி அலமாரியில் வைத்தேன்.

இப்போது பரீட்சையைப் பற்றி இரண்டு வார்த்தை. பெற்றோர் பலருக்கு ஐ.ஏ.எஸ். என்ற மூன்றெழுத்துதான் தெரியும், அதன் அமைப்புத் தெரியாது. முதல் கட்டம் பிரிலிம்ஸ். பொது அறிவுத் தாளில் 100 கேள்வி, 200 மார்க். இன்னொன்று சி-சாட் என்ற திறனறித் தாள், 80 கேள்வி. அதில் 33 சதவீதம், அதாவது 66 மார்க் வாங்கினால் போதும், ஆனால் வாங்கியே ஆகவேண்டும். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். இரண்டாவது மெயின்ஸ், ஒன்பது தாள். அதில் இரண்டு பாஷைத் தாள்கள் தேறினால் மட்டும் போதும், மீதி ஏழுக்கு 1750 மார்க். மூன்றாவது நேர்முகம், 275. 2024-ஆம் வருஷப் பரீட்சைக்கு மனுப் போட்டவர்கள் 9,92,599 பேர். பரீட்சை ஹாலுக்கு வந்தவர்கள் 5,83,213. மெயின்ஸுக்குப் போனவர்கள் 14,627. நேர்முகத்துக்கு 2,845. கடைசியில் தேர்வானவர்கள் 1,009. இதில் ஐ.ஏ.எஸ். பதவிக்கு 180 இடம். இந்தக் கணக்கை முதல் நாளே குழந்தையுடன் உட்கார்ந்து பேசிவிடவேண்டும். பயமுறுத்துவதற்காக இல்லை. எந்த வயதில் நிறுத்துவது, நிறுத்தினால் அடுத்து என்ன என்று தெரிந்துகொண்டு இறங்குவதற்காக. நான் என் மகனிடம் அதைப் பேசவே இல்லை. நாலாவது தடவையும் போன பிறகுதான் பேசினோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் அஃபேர்ஸ் என்றால் என்ன? கோச்சிங் சென்டர்களில் மாதா மாதம் 150, 200 பக்கத்துக்குத் தொகுப்புப் புத்தகம் போடுகிறார்கள். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் ராமாயணத்தை விடப் பெரிசு. குழந்தைகள் அதைக் கலர் பேனாவால் பச்சை, மஞ்சள் என்று அடித்து வைக்கிறார்கள். எல்லாமே மஞ்சளாக இருந்தால் எது முக்கியம் என்று எப்படித் தெரியும்? 2023 பிரிலிம்ஸில் கேட்ட முறையே மாறிவிட்டது. முன்பு "1, 2 சரி, 2, 3 சரி" என்று விடைகள் இருக்கும். ஒன்று தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்தால் மீதியைக் கழித்துக்கட்டிவிடலாம். 2023-ல் பல கேள்விகளில் "மேற்கண்டவற்றில் எத்தனை சரி? ஒன்று, இரண்டு, மூன்றும், எதுவும் இல்லை" என்று போட்டார்கள். இதில் அரைகுறை ஞானம் செல்லாது.

என் பேத்திக்கு அந்த வருஷம்தான் முதல் முயற்சி. ஆனால் அவள் வழுக்கியது அங்கே இல்லை, சி-சாட்டில். எக்கனாமிக்ஸ் படித்த பெண்ணே கணக்கில் 66 வாங்கவில்லை. கரண்ட் அஃபேர்ஸ், கரண்ட் அஃபேர்ஸ் என்று அதன் பின்னாலேயே போய் இதைத் தொடாமல் விட்டதுதான் காரணம். இது ரொம்பக் குழந்தைகளுக்கு நடக்கிறது, கவனியுங்கள்.

அதன் பிறகு தில்லிக்குப் போனாள். பழைய ராஜேந்தர் நகரில் ஒரு சின்ன ரூம். 2024 ஜூனில் இரண்டாம் முயற்சியும் பிரிலிம்ஸிலேயே நின்றது. அடுத்த மாதம், ஜூலை 27 அன்று, அதே பேட்டையில் ஒரு பயிற்சி நிலையத்தின் தரையடி லைப்ரரிக்குள் மழை வெள்ளம் புகுந்து, படித்துக்கொண்டிருந்த மூன்று குழந்தைகள் இறந்துபோனார்கள். பேப்பரில் எல்லோரும் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அன்று ராத்திரி போன் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் ஐ.ஏ.எஸ்.ஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று என் பெண் அழுதுவிட்டாள். ஆகஸ்டில் பேத்தி பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் அகத்துக்கு வந்துவிட்டாள். "தாத்தா, நோட்ஸ் எல்லாம் இருக்கு. ஆனா எதுவுமே தலையில நிக்கலை" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள், உங்களுக்குப் புரியும். ஒரு கடிதம் வந்தால் அதை பி.யு.சி. என்போம், அதாவது இப்போது முடிவெடுக்கவேண்டிய தாள். அதை வைத்துக்கொண்டு கிளார்க் நோட் போடுவார். வந்த விஷயம் என்ன? எந்தச் சட்டத்தின் கீழ், எந்த விதியின் கீழ் வருகிறது? இதற்கு முன்னால் இதே மாதிரி வந்தபோது என்ன செய்தோம்? யாருக்கு அதிகாரம்? பணம் யார் தலையில்? இதையெல்லாம் எழுதி, அப்புறம்தான் மேலே அனுப்புவார். பத்து வருஷம் இப்படி நோட் போட்டவருக்கு எந்தத் தாள் வந்தாலும் கை தானாக இந்தக் கேள்விகளைத்தான் தேடும். "தினம் ஒரே ஒரு செய்தி எடு. அதை பி.யு.சி.யாக வைத்து ஒரு பக்கம் நோட் போடு. நான் உன் செக்‌ஷன் ஆபீசர்" என்றேன். சிரித்தாள். ஆனால் செய்தாள்.

ஒரு நோட்டை உதாரணமாகச் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் பயங்கரவாதிகள் சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் நம் அரசு சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. டி.வி.யில் "பாகிஸ்தானுக்குத் தண்ணீர் கட்" என்று கத்தினார்கள். அவள் நோட்டில் முதல் வரியே, "கட் என்பது சரியல்ல" என்று இருந்தது. ஒப்பந்தம் 1960 செப்டம்பர் 19-ல் கராச்சியில் கையெழுத்தானது. நேருவும் அயூப் கானும் போட்ட கையெழுத்து, உலக வங்கி நடுவில் இருந்தது. ரவி, பியாஸ், சட்லெஜ் மூன்றும் நமக்கு. சிந்து, ஜீலம், செனாப் மூன்றும் பெரும்பாலும் அவர்களுக்கு. மொத்தத் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் இந்த மேற்கு நதிகளில்தான் ஓடுகிறது. அவற்றில் நாம் மின்சாரம் எடுக்கலாம், ஆனால் தேக்கக்கூடிய அளவு 36 லட்சம் ஏக்கர் அடிதான். ஆகவே ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தாலும், தேக்க அணை இல்லாமல் கோடை வெள்ளத்தை எங்கே வைத்துக்கொள்வது? அணை கட்ட வருஷங்கள் ஆகும். உடனே நின்றது என்ன? தகவல் கொடுப்பது, கமிஷனர்கள் சந்திப்பது, வண்டலைக் கழுவி விடுவதற்கான காலக் கட்டுப்பாடு போன்றவை. அடுத்து சட்டம். ஒரு நாடு தானாக வெளியேற அந்த ஒப்பந்தத்தில் வழி வைக்கவில்லை. இரு அரசுகளும் சேர்ந்து இன்னொரு ஒப்பந்தம் போட்டால்தான் முடியும் என்று 12-ஆவது ஷரத்து சொல்கிறது. 1969-ல் வந்த வியன்னா உடன்பாட்டில் நாம் சேரவில்லை. முன் ஏடு? பாக்லிஹார் அணைத் தகராறு நடுநிலை நிபுணரிடம் போய் 2007-ல் தீர்ந்தது. கிஷன்கங்கா, ராட்லே திட்டங்களில் இன்னொரு சண்டை.

பாருங்கள், ஒரே செய்தியில் பூகோளம், சரித்திரம், சர்வதேசச் சட்டம், இன்ஜினியரிங் எல்லாம் வந்துவிட்டது. இதைத் தானே தேடி எழுதிய குழந்தைக்கு எந்த நதி எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. நாங்கள் இதை மூன்று நாள் வாதாடினோம். நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு ஏதோ சொன்னேன். "தாத்தா, செக்‌ஷன் ஆபீசர் நோட்டில் கோபம் எழுதலாமா?" என்று கேட்டுவிட்டாள்.

விஞ்ஞானம் என்றால் ஆர்ட்ஸ் படித்த குழந்தைகளுக்குக் கிலி. இங்கே எனக்குக் கொஞ்சம் உற்சாகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆதித்யா எல்-1 விண்கலம் 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6-ல் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தொகுப்புப் புத்தகத்தில் "15 லட்சம் கிலோமீட்டர், 7 கருவிகள்" என்று இருக்கிறது. ஏன் 15 லட்சம்? ஏன் பத்து இல்லை, இருபது இல்லை? அதைக் கேட்டால் குழந்தை முழிக்கிறது. சூரியனுக்குக் கிட்டே போகப் போகச் சீக்கிரம் சுற்றி முடிக்கவேண்டும். புதனுக்கு 88 நாள், சுக்கிரனுக்கு 225 நாள், பூமிக்கு 365. ஆகவே பூமிக்கு உட்புறம் ஒரு பொருளை வைத்தால் அது பூமியை முந்திக்கொண்டு போய்விடும். ஆனால் பின்னாலிருந்து பூமி அதைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. சூரியனின் இழுப்பு அந்த அளவுக்குக் குறைந்த மாதிரி ஆகிறது. அதனால் அது சற்று நிதானித்து, பூமியோடு சேர்ந்து சரியாக ஒரு வருஷத்தில் சுற்றுகிறது. அப்படி அமையும் இடம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். சூரியன் இருப்பதோ 15 கோடி கிலோமீட்டரில், நூற்றில் ஒரு பங்கு தூரம்தான் போயிருக்கிறோம். "சூரியனுக்கே போய்விட்டோம்" என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். அங்கே இருந்தால் கிரகணம் மறைக்காமல் சூரியனை எப்போதும் பார்க்கலாம். 2024 மே மாதம் இருபது வருஷத்தில் இல்லாத சூரியப் புயல் அடித்தபோது ஆதித்யா அதைப் பதிவு செய்தது. 1989 மார்ச்சில் இப்படி ஒரு புயலில் கனடாவின் க்யூபெக் மாகாணமே இருட்டாகிப் போனது. செயற்கைக்கோளும் மின்சாரக் கம்பியும் வைத்திருக்கும் எந்த அரசாங்கத்துக்கும் இது நிர்வாக விஷயம். நிர்வாகத்துக்கு ஆள் எடுக்கும் பரீட்சையில் அதனால்தான் கேட்கிறான்.

அதேபோல 2025 மே மாதம் ஐ.சி.ஏ.ஆர். இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. மரபணுவைத் திருத்தி உண்டாக்கியவை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே "மரபணு மாற்றிய அரிசி வந்துவிட்டது, சாப்பிடாதீர்கள்" என்று வந்தது. அனுப்பியவர் யார் என்று சொல்லமாட்டேன், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். வேறு ஜீவராசியின் மரபணுவைக் கொண்டுவந்து செருகுவது ஒன்று. அந்தப் பயிருக்குள் இருப்பதையே ஓரிடத்தில் வெட்டித் திருத்துவது இன்னொன்று. இந்த நெல் இரண்டாவது வகை. அந்த வெட்டும் முறைக்குத்தான் 2020-ல் இரண்டு பெண் விஞ்ஞானிகளுக்கு, ஷார்பென்டியே, டௌட்னா என்பவர்களுக்கு, ரசாயன நோபல் கொடுத்தார்கள். வெளி மரபணு சேராத வகைகளுக்கு 2022-லேயே அரசு விதி விலக்குக் கொடுத்துவிட்டது. கடுகு விஷயம் முதல் வகை, அதில் 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வேண்டும், வேண்டாம் என்று வாதாடுங்கள், ஆனால் எதைப் பற்றி என்று தெரிந்துகொண்டு வாதாடுங்கள்.

அரசாங்க விஷயத்தில் குழந்தைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். செய்தியை முதலில் படித்துவிட்டு அரசியல் சட்டத்தைத் தேடாதீர்கள். லட்சுமிகாந்த் புத்தகத்தை முதலில் முடியுங்கள். 2025 ஜூனில் ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு அறிவிக்கை வந்தது, 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதி என்று. வெறும் தேதி மாதிரி இருக்கிறது. ஆனால் 1976-ல் தொகுதிகளின் எண்ணிக்கையை 1971 கணக்குப்படி உறைய வைத்ததும், 2001-ல் அதை 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியதும், 2023-ல் வந்த 106-ஆவது திருத்தம் பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கை அதே கணக்கெடுப்புடன் முடிச்சுப் போட்டதும் தெரிந்தவனுக்கு அந்தத் தேதி பேசும்.

பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. மெயின்ஸைத் தமிழில் எழுதலாம், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். பிரிலிம்ஸ் கேள்வித்தாள் மட்டும் ஆங்கிலம், ஹிந்திதான். கட்டாய இந்திய பாஷைத் தாளில் 300-க்கு 75 எடுக்கவேண்டும். வெளி மாநிலத்தில் வளர்ந்த நம் குழந்தைகள் இதை அலட்சியம் செய்கிறார்கள். என் பேத்திக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ஹிந்தியில் எழுதினாள். அதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு, அது எங்கள் தப்புதான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் போனால், பேசிவிட்டு இறங்கியதும் படியிலேயே கேட்பீர்கள். "நமக்கெல்லாம் எங்கே சார் கிடைக்கப்போகிறது?" நான் இட ஒதுக்கீட்டைப் பற்றி வாதாட வரவில்லை. ஆனால் படிக்கிற குழந்தை சாப்பிடும்போது அதன் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொல்லாதீர்கள். என் மகன் காலத்தில் நான் சொன்னேன். தேறினாலும் கிடைக்காது என்று தினமும் கேட்டவன், எதற்காக ஃபைலைப் பிரிக்கவேண்டும்? செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2019-ல் வந்த 103-ஆவது திருத்தப்படி பொருளாதாரத்தில் பின்தங்கிய பொதுப் பிரிவினருக்கு 10 சதவீதம் இருக்கிறது. 2022 நவம்பர் 7-ல் சுப்ரீம் கோர்ட் மூன்றுக்கு இரண்டு என்று அதை ஒப்புக்கொண்டது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குக் கீழ் இருக்கவேண்டும். ஐந்து ஏக்கர் விவசாய நிலமோ, ஆயிரம் சதுர அடி ஃப்ளாட்டோ இருந்தால் கிடையாது. இந்தப் பரீட்சையில் இதற்கு வயதுச் சலுகை இல்லை, இடம் மட்டும்தான். கோயில் குருக்கள், சமையல் வேலை செய்பவர், கடையில் கணக்கு எழுதுபவர் என்று நம்மில் எத்தனையோ பேர் அகத்துக் குழந்தைகள் இதற்கு உரியவர்கள். சர்டிபிகேட்டை முந்தைய நிதியாண்டு வருமானத்தை வைத்து, குறித்த தேதிக்குள் வாங்கவேண்டும். தேதி தவறினால் போச்சு. போன வருஷம் நம் கிளையிலேயே ஒரு பையனுக்கு அப்படி ஆயிற்று. தாலுகா ஆபீஸுக்கு அவனோடு போக யாருக்கும் நேரம் இல்லை. இங்கே ரிடையர் ஆனவர்கள் நாற்பது பேர் இருக்கிறோம்.

பேத்தி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். 2025 மே 25-ல் நடந்த பிரிலிம்ஸில் தேறினாள். சி-சாட்டும் தாண்டிவிட்டாள், தினம் ஒரு மணி நேரம் கணக்குப் போட்டதுதான் காரணம். ஆகஸ்டில் மெயின்ஸ் எழுதினாள். நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. ரிசல்ட் பார்த்த அன்று சாயங்காலம், 27 வயது வரை எழுதுகிறேன், அதற்கு மேல் இல்லை என்று காலண்டரில் அவளே குறித்துவிட்டாள். அவள் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. இடையில் ரிசர்வ் பேங்க் பரீட்சைக்கும் மனுப் போட்டிருக்கிறாள். நோட் போடுவதை மட்டும் விடவில்லை. சில நாள் ராத்திரி மகனுக்கும் அதைப் படம் எடுத்து அனுப்புகிறாளாம். மாமா இரண்டு மூன்று இடத்தில் திருத்தி அனுப்பினான் என்று சொன்னாள். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வரும் ஞாயிறு முதல் சாயங்காலம் நாலு மணிக்கு நம் அரங்கத்தின் மாடி அறையைக் காரியதரிசி இதற்காகத் திறந்துவைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு குழந்தையும் அந்த வாரத்துச் செய்தி ஒன்றுக்கு ஒரு பக்கம் நோட் எழுதிக்கொண்டு வரட்டும். ரயில்வே, தபால், வருமான வரி, தணிக்கை என்று அந்தந்த இலாகாவில் இருந்தவர்கள் வந்து உட்காருங்கள். உங்கள் வேலை திருத்துவது மட்டும்தான், பிரசங்கம் வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் யார் அகத்திலாவது இருந்தால் கொடுத்து உதவுங்கள், ஓரளவு புதிய பதிப்பாக இருக்கட்டும். சர்டிபிகேட் விஷயமாகத் தாலுகா ஆபீஸுக்குக் கூட வரத் தயாராக இருப்பவர்கள் வெளியே மேஜை மேல் உள்ள நோட்டில் பெயரும் எந்தக் கிழமை சௌகரியம் என்பதும் எழுதிவைக்கவும். முதல் பெயர் என்னுடையதுதான், செவ்வாய், வியாழன். காபிக்கு ஏற்பாடு உண்டு.